பின்னணி: ஜூரோங் ஏரிக்கரையில் ஒரு தூக்கணாங்குருவிப் பருவம்

2023 மே 13, சனிக்கிழமை காலை. சிங்கப்பூரின் ஜூரோங் ஏரியின் மேற்குக் கரையில் ஓர் அகேசியா மரத்தடியில் இரண்டு கிளைகள் கிடந்தன. காற்றில் முறிந்த கிளை நார்நாராகப் பிய்ந்திருக்கும். இவற்றின் வெட்டுவாய் சாய்வாக, வழவழப்பாக இருந்தது. யாரோ செடி வெட்டும் கத்தரிக்கோலோடு வந்திருக்கிறார். முந்தைய நாள்வரை அந்தக் கிளைகளின் இலைகள் ஒன்பது தூக்கணாங்குருவிக் கூடுகளுக்கு முன்னால் திரையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. திரை போனதும் கூடுகள் வெறும் வானத்தின் முன் தனித்துத் தெரிந்தன. கேமரா வைத்திருக்கும் எவரும் ஆசைப்படும் காட்சி அது.

அந்த மாதம் முடிவதற்குள், கட்டி முடிக்கப்பட்டிருந்த ஆறு கூடுகளில் மூன்று தரையில் கிடந்தன. எஞ்சிய மூன்றில் ஒன்றுக்கு மட்டுமே தாய்ப்பறவை இரையோடு வந்துபோவதைக் கண்டோம்.

என்ன நடந்தது, எதனால் நடந்தது, அதில் எங்கள் பங்கு எவ்வளவு என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தோம். வெளியிலிருந்து பார்த்தவளாக இதை நான் எழுதவில்லை. அந்த மரம் பலருக்கும் தெரியவந்ததற்குக் காரணமான படம் நான் எடுத்தது. மரம் நிற்கும் சரியான இடத்தை இங்கே எழுதப்போவதில்லை. உடன் இருந்தவர்களின் பெயர்களையும் விட்டுவிடுகிறேன்.

ஏரி

ஜூரோங் ஏரி இயற்கையாக அமைந்தது அல்ல. ஜூரோங் ஆற்றின் மேற்பகுதியை அணையிட்டு 1971இல் உருவாக்கினார்கள். அதற்குமுன் அந்த ஆற்றோரம் சதுப்புநிலக் காடும் இறால் குட்டைகளுமாக இருந்தது. தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்து அங்கேயே குடியேறியவர்களுக்குப் பொழுதுபோக்க ஒரு பசுமையிடம் வேண்டும் என்று 1973இல் ஜப்பானியத் தோட்டமும் 1975இல் சீனத் தோட்டமும் திறக்கப்பட்டன. இன்று சிங்கப்பூரின் 17 நீர்த்தேக்கங்களில் இந்த ஏரியும் ஒன்று. இரண்டு தோட்டங்களையும் மேற்குக் கரையையும் சேர்த்து 90 ஹெக்டர் பரப்பில் ஜூரோங் ஏரித் தோட்டம் அமைக்கப்பட்டது. மேற்குக் கரையின் 53 ஹெக்டர் பகுதி 2019 ஏப்ரலில் திறக்கப்பட்டது.

அந்த மேற்குக் கரைதான் எங்கள் இடம். அங்கே நன்னீர்ச் சதுப்பு நிலத்தின் ஊடாக 300 மீட்டர் நீளத்துக்கு ராசாவ் நடைபாதை போகிறது. அதற்கு அப்பால் ஆளுயரப் புல்வெளி. பட்ட மரங்களை அகற்றிவிடாமல் பறவைகள் உட்காருவதற்காக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கரையிலிருந்து சாலையைக் கடந்தால் அடுக்குமாடி வீடுகள், அவற்றுக்குப் பின்னால் தொழிற்சாலைகள். காலை ஏழு மணிக்கு ஒரு பக்கம் சீனப் பாட்டிகள் தைச்சி செய்வார்கள். இன்னொரு பக்கம் இரவு வேலை முடிந்தவர்கள் வீட்டுக்குப் போகும் வழியில் நின்று தண்ணீரைப் பார்ப்பார்கள். நீர்நாய்க் குடும்பம் வந்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கூடிவிடும். சாம்பல் நாரை மட்டும் எதற்கும் அசையாது.

படமெடுப்பவர்களுக்கு இந்தக் கரையில் ஒரு சிக்கல் உண்டு. ஏரி நமக்குக் கிழக்கே இருக்கிறது. காலைச் சூரியன் சீனத் தோட்டத்துக் கோபுரத்தின் பக்கமிருந்து நேரே கண்ணுக்குள் வரும். நடைபாதையில் நின்று எடுத்தால் பறவை கரிய நிழலாக விழும். ஒன்பது மணிக்குமேல் வெயில் ஏறிவிடும். நிலநடுக்கோட்டுக்கு இத்தனை அருகில் நண்பகல் வெளிச்சத்தில் எந்த நிறமும் நிறமாக இருப்பதில்லை. மாலை நான்கு மணிக்குப் பிறகுதான் சூரியன் நம் முதுகுப்பக்கம் வந்து, எதிரே இருப்பது பொன்னாகத் தெரியும். இந்த மாலை வெளிச்சத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நடந்ததில் அதற்கும் பங்கு இருக்கிறது.

கரையில் கூடியவர்கள்

எங்கள் குழுவுக்குப் பெயர் கிடையாது. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கிருமி முறியடிப்பு எனப்பட்ட கொரோனா ஊரடங்குக் காலத்தில் வீட்டருகே நடப்பதைத் தவிர வேறு எதற்கும் வழியில்லாமல் இருந்தபோது, ஒரே பாதையில் எதிரெதிரே நடந்து பழகிய முகங்கள் நாங்கள். அந்த வாரங்களில் புல்வெட்டும் வேலையும் பெரும்பாலும் நின்றுபோயிருந்தது. சாலையோரப் புல்லெல்லாம் முழங்கால் உயரம் வளர்ந்து பூத்தது. எப்போதும் ஒட்ட வெட்டப்பட்ட புல்லையே பார்த்திருந்த எனக்கு, புல்லுக்கு விதை உண்டு, அந்த விதையைத் தின்ன வரும் குருவிகள் உண்டு என்பது நாற்பது வயதில் புதிதாகத் தெரிந்தது. புல்தாளில் தொங்கிக்கொண்டு விதையை உருவும் சில்லைகளைக் கைத்தொலைபேசியில் எடுத்தேன். ஒரு புள்ளியாகக்கூட விழவில்லை. அடுத்த ஆண்டு ஒரு பழைய கேமரா வாங்கினேன்.

எங்களில் மூத்தவர் கப்பல் பட்டறையில் பாரந்தூக்கி இயக்கி ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா காலத்தில் தாமான் ஜூரோங்கில் குடியேறிய குடும்பம். உயரத்தில் ஒற்றைக் கூண்டுக்குள் முப்பது ஆண்டுகள் உட்கார்ந்து பழகியவருக்கு மூன்று மணி நேரம் அசையாமல் காத்திருப்பது ஒரு பொருட்டே அல்ல. அவரிடம் தூரத்துப் பறவையைப் பெரிதாக்கிக் காட்டும் 600 மில்லிமீட்டர் லென்ஸும் கனமான முக்காலியும் உண்டு. அடுத்தவர் ஒரு தாதி. இரவுப் பணி முடிந்து நேரே கரைக்கு வந்துவிடுவார். உயர்நிலை மூன்றில் படிக்கும் பையன் ஒருவன், அறிவியல் பாடத்துக்காகத் தொடங்கி அப்படியே எங்களோடு தங்கிவிட்டான். ஐந்தாமவர் பட்டுக்கோட்டைப் பக்கத்து ஊரிலிருந்து வந்து கட்டுமானத்துறையில் வேலை செய்த தம்பி. 2020இல் பல மாதங்கள் ஊழியர் தங்கும் விடுதியைவிட்டு வெளியே வரமுடியாமல் இருந்தவர். ஞாயிறுதோறும் வருவார். கைத்தொலைபேசி ஒன்றைத் தவிர வேறு கருவி அவரிடம் இல்லை.

சிங்கப்பூரில் பறவைப் படமெடுப்பவர்களில் ஒரு சாரார் எங்கே அரிய பறவை வந்திருக்கிறது என்று செய்தி வந்தால் அங்கே ஓடுவார்கள். செப்டம்பர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் வரும் காலத்தில் சுங்கை புலோவிலும் வேறு பூங்காக்களிலும் லென்ஸ்கள் வரிசைகட்டி நிற்கும். அதில் தவறேதும் இல்லை. எங்களால் அது முடியவில்லை, அவ்வளவே. எங்களிடம் கார் இல்லை, விடுமுறையும் வெவ்வேறு நாள்களில். ஆகவே கண்ணெதிரே இருந்ததையே திரும்பத் திரும்ப எடுத்தோம். ஒரே மீன்கொத்தியை ஓராண்டு எடுத்தால், அது எந்தக் கம்பியில் எத்தனை மணிக்கு உட்காரும் என்பது பேருந்து நேரம்போல் மனப்பாடமாகிவிடும். கரையோரத்தில் வாழ்பவருக்குக் கிடைக்கும் ஒரே சலுகை இதுதான். விலையுயர்ந்த லென்ஸைவிட இது பெரிது என்று இன்றும் நம்புகிறேன்.

கூடு கட்டிய காலம்

பிப்ரவரி இறுதியில் ஒரு ஞாயிறு. புல்வெளிக்கு மேல் சிட்டுக்குருவி அளவில் ஏதோ பறந்தது, வாயில் நீண்ட பச்சை நார். நாங்கள் நால்வரும் கைபேசியில் படங்களை ஒப்பிட்டுப் பெயர் தேடிக்கொண்டிருந்தோம். பட்டுக்கோட்டைத் தம்பி ஏறெடுத்துப் பார்த்தவுடன் சொன்னார்: “அக்கா, இது தூக்கணாங்குருவி. ஆண். தலையில் மஞ்சள் ஏறியிருக்கிறது பாருங்கள். எங்கள் கிணற்றுப் பனையில் வரிசையாகக் கட்டும்.”

தமிழ்ப் பாடப்புத்தகத்தில் அந்தப் பெயரைப் படித்தவள் நான். கூட்டின் படத்தை வரைந்து வண்ணமும் தீட்டியிருக்கிறேன். என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் அது வாழ்கிறது என்பது எனக்குத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்கப்போவதில்லை.

அதன்பின் பத்து வாரங்கள் நாங்கள் வேறெதையும் எடுக்கவில்லை என்றே சொல்லலாம். ஆண்குருவி புல்லின் தாளில் அலகால் ஒரு வெட்டு வைத்து, நுனியைக் கவ்விப் பறக்கும். பறக்கும் வேகத்திலேயே நார் நீளவாக்கில் கிழிந்து கையோடு வந்துவிடும். ஒரு கூட்டுக்கு இப்படி 500 முறைவரை போய்வரும் என்பார்கள். முதலில் கிளைநுனியில் ஒரு முடிச்சு. பிறகு வளையம். வளையம் ஒரு பக்கம் புடைத்து, அடிப்புறம் திறந்த மணிபோல ஆகும்போது அது வேலையை நிறுத்திவிடும். நடுவே ஒரு குறுக்குப் பாலம் மட்டும் இருக்கும். அதைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, சிறகை அடித்து அடித்துக் கூவும். பெண்குருவிகள் கூட்டமாக வந்து பாலத்தில் அமர்ந்து, நாரை அலகால் இழுத்துப் பார்க்கும். பிடித்தால்தான் ஆண் மிச்சத்தைக் கட்டும்: ஒரு பக்கம் முட்டை அறை, மறுபக்கம் கீழ்நோக்கிய நீண்ட குழல். பிடிக்காத கூடு அப்படியே பாதியில் தொங்கும். ஒன்று முடிந்ததும் அதே ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி, வேறொரு பெண்ணை அழைக்கும்.

மணி நிலையில் இருக்கும் கூட்டைக் காலையில் எதிர்வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். எங்களுக்குத் தொல்லையாக இருந்த அந்தச் சூரியனே நார் ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஒளிரச் செய்யும். பெரியவர் அதை 1/2500 நொடியில் எடுத்த படம் ஒன்று உண்டு. பறவை கரிய நிழலாகவும் கூடு பச்சை விளக்காகவும் தெரியும். இந்தக் கரையில் எடுக்கப்பட்ட படங்களில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

குருவி கூட்டின் உட்சுவரில் களிமண்ணை உருட்டி ஒட்டுவதைப் பார்த்தோம். அதில் மின்மினிப்பூச்சியைப் பதித்து விளக்கேற்றிக்கொள்ளும் என்று ஊரில் சொல்வார்கள். தம்பியும் அதைச் சொன்னார், உண்மை என்று நம்பியே சொன்னார். பையன் அதற்காகவே அந்தி மங்கும்வரை இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தான். களிமண்ணைக் கண்டோம், மின்மினியைக் காணவில்லை.

தம்பி சொன்ன இன்னொன்றுதான் பின்னால் முக்கியமானது. “எங்கள் ஊரில் கூடெல்லாம் பனையின் கிழக்குப் பக்கத்தில்தான் தொங்கும். ஆடிக்காற்று மேற்கிலிருந்து வரும் அல்லவா? மரமே அதற்குச் சுவர்.” ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று பழமொழி சொல்லும் நாட்டிலிருந்து வந்தவருக்கு அது சாதாரணச் செய்தி. எங்கள் அகேசியா மரத்திலும் கூடுகள் ஏரியைப் பார்த்த கிழக்குப் பக்கத்தில்தான் இருந்தன. நடைபாதைக்கும் கூடுகளுக்கும் நடுவே மரத்தின் மேற்குப்பக்கக் கிளைகள் இருந்தன.

படம் வெளியேறியது

ஏப்ரல் கடைசி வாரம். நான் ஏரியோரமாக நடந்து சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு, மேற்கே பார்த்து ஒரு படம் எடுத்தேன். தாய்க்குருவி வாயில் வெட்டுக்கிளியோடு குழலின் வாசலில் ஏறுகிறது. இறகுகள் கூர்மையாக விழுந்திருந்தன. எனக்கு அப்படி ஒரு படம் அதற்குமுன் அமைந்ததில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இடத்தைச் சொல்லவில்லை, ஏரியின் பெயரைக்கூட எழுதவில்லை. அது போதும் என்று நினைத்தேன்.

படத்தின் பின்னணியில் நடைபாதை விளக்குக்கம்பம் ஒன்று மங்கலாக இருந்தது. கம்பத்தில் எண் இருந்தது. உருப்பெருக்கிப் பார்த்தால் படிக்கலாம். அந்தக் கரையை அறிந்தவர்களுக்குக் கம்பத்தின் எண் தெரிந்தால் இடம் தெரிந்ததுபோலத்தான். படம் கைமாறிக் கைமாறி, எனக்கு அறிமுகமில்லாதவர்களின் குழுக்களுக்குப் போய், ஒரு வாரத்தில் இடத்தைக் காட்டும் குறியோடு எனக்கே திரும்பி வந்தது.

மே முதல் வாரத்தில் மாலை நேரங்களில் ஆள்கள் வரத் தொடங்கினார்கள். முதல் நாள் மூவர். அந்த வார இறுதியில் முப்பதுக்குக் குறையாது. வந்தவர்களில் பெரும்பாலோர் அமைதியானவர்கள். தாதி அக்கா அவர்களிடம் பேசிப் பின்னால் தள்ளி நிற்கச் சொன்னார், நின்றார்கள். ஆனால் ஒருவர் பின்னால் நின்றால் அடுத்து வருபவர் அவருக்கு முன்னால் நிற்பார். நாள்தோறும் வரிசை இரண்டு அடி முன்னேறியது. சிலர் பறவையின் கூவலை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டார்கள். ஒரு மாலை ஐந்து மணியிலிருந்து ஐந்தரைவரை நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த அரை மணி நேரத்தில் ஒரு தாய்கூட ஒரு கூட்டுக்கும் வரவில்லை. முந்தைய வாரம் அதே நேரத்தில் என் கேமராவுக்கு ஓய்வே இருந்ததில்லை.

“நாங்கள் தீனி எதுவும் போடவில்லையே” என்றார் ஒருவர். 2020 ஜூனில் நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டம் காட்டுயிர்களுக்கு உணவளிப்பதைத் தடைசெய்கிறது. முதல்முறை பிடிபட்டால் 5,000 வெள்ளிவரை அபராதம், மீண்டும் செய்தால் 10,000 வெள்ளிவரை. மீன் வீசிக் கழுகைக் கீழே இறக்கிப் படமெடுத்தவர்களால் அந்த எச்சரிக்கை படமெடுப்பவர் அனைவருக்கும் தெரியும். அதனாலேயே, தீனி போடாதவரை எல்லாம் சரி என்ற எண்ணம் பலரிடம் ஊன்றிவிட்டது. அவரைப் பார்த்துக் கோபப்பட எனக்குத் தகுதி இருக்கவில்லை.

கிளை வெட்டப்பட்டதைக் கண்ட சனிக்கிழமை, அங் மோ கியோவில் வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸைத் தொட்டது. 1983க்குப் பிறகு நாற்பது ஆண்டுகளில் பதிவான உச்சம். அன்று மாலை மேற்கு வெயில் தடுப்பின்றிக் கூடுகளின்மீது விழுந்தது. பூங்காவில் செடிகொடிகளை வெட்டுவதும் குற்றம்தான். ஊழியர் ஒருவரிடம் சொன்னோம், அவர் வந்து பார்த்தார். வெட்டிய கிளையை ஒட்டவைக்க யாராலும் முடியாது.

மாத இறுதியில் ஒரு விடியலில் சுமத்ரா புயல்காற்று அடித்தது. ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையில் மலாக்கா நீரிணையைக் கடந்து மேற்கிலிருந்து வரும் இடிமழை வரிசை அது. பெரும்பாலும் விடியும்முன் வந்து ஓரிரு மணி நேரத்தில் போய்விடும். நான் ஆறரை மணிக்குக் கரைக்கு ஓடினேன். தாதி அக்கா எனக்கு முன்பே வந்து, மழையில் நின்றுகொண்டிருந்தார். விழுந்த கூடு ஒன்றின் குழலை விலக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்தார். தினமும் மனித உடல்களோடு பழகுபவர் அவர். அந்தக் காலை அவருடைய கை நடுங்கியது.

காரணம் எது

அந்த ஞாயிறு ஐவரும் காப்பிக்கடையில் உட்கார்ந்தோம். தொடக்கத்திலேயே பெரியவர் ஒன்றைச் சொன்னார். புதன்கிழமை, அதாவது கிளை வெட்டப்படுவதற்கு மூன்று நாள் முன்பு, அதே கிளைகளில் ஒன்றை அவர் இழுத்து நைலான் கயிற்றால் அடிமரத்தோடு கட்டியிருக்கிறார். “ஒடிக்கவில்லை. கட்டினேன். அரை மணி நேரம் படமெடுத்துவிட்டு அவிழ்க்க நினைத்தேன். பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர அழைப்பு வந்தது. மறந்துவிட்டேன்.” தரையில் கிடந்த கிளையில் அந்த நீலக் கயிறு இருந்ததைப் பையன் பார்த்திருந்தான். பெரியவர்மீது உள்ள மரியாதையால் இரண்டு வாரம் அவன் வாயைத் திறக்கவில்லை.

வெட்டியவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் இந்த ஆய்வு சுலபமாக முடிந்திருக்கும். எல்லாப் பழியையும் அவர்மீது போட்டிருப்போம். கயிற்றைப் பற்றிக் கேட்டபின் அப்படிச் செய்ய முடியவில்லை. அந்தக் கயிறு மூன்று நாள் அங்கே இருந்தது. வந்தவர் ஒவ்வொருவருக்கும் அது ஒரு செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தது: இந்தக் கிளை இடைஞ்சல், இதை ஒதுக்கலாம், ஒதுக்கியவர் அனுபவசாலி. அடுத்தவர் கத்தரிக்கோலோடு வருவதற்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

கூடுகள் விழுந்ததற்குக் கிளை போனதுதான் காரணமா என்பதில் எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. பெரியவரே அதை ஒப்பவில்லை. தன்னைக் காத்துக்கொள்வதற்காக அவர் அப்படிப் பேசவில்லை. காற்றின் விசையைக் கணக்கிட்டுத் தொழில் செய்தவர் அவர்; மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்றை இரண்டு இலைக்கிளை என்ன தடுத்துவிடும் என்பது அவர் வாதம். புயல்காற்றில் கூடு விழுவது ஆண்டுதோறும் நடப்பது என்பதும் உண்மைதான். தம்பி மறுத்தார். மரம் முழுவதும்தான் சுவர், அதில் இரண்டு செங்கல்லை உருவினால் காற்று அந்தச் சந்து வழியாகத்தான் நுழையும் என்றார். விழுந்த மூன்று கூடுகளும் வெட்டுப்பட்ட இடத்துக்கு நேர் பின்னால் இருந்தவை. மரத்தின் மறுகோடியில் இருந்தவை விழவில்லை.

நான் தம்பியின் பக்கம். ஆனால் விழாத கூடுகள் என்னை அதிகம் உறுத்துகின்றன. அவற்றுள் இரண்டுக்குத் தாய் வராமல் போனதைக் காற்றின் கணக்கில் எழுத முடியாது. அடைகாப்பதற்கு 14 முதல் 17 நாள், குஞ்சு பறப்பதற்கு இன்னொரு 17 நாள் என்று ஏறத்தாழ ஒரு மாதம் தாய்க்குருவி கூட்டைவிட்டு நீண்ட நேரம் விலகியிருக்க முடியாது. அந்த மாதத்தில் இரண்டு வாரம், மாலை வெளிச்சம் அழகாக இருக்கும் நேரமெல்லாம், நாங்கள் வாசலில் நின்றோம். இலைத்திரை போனபின் வீட்டுக் காகங்கள் கிளையில் வந்து உட்கார்ந்ததையும் பார்த்தோம். கூட்டம், வெயில், காகம், காற்று என்ற வரிசையில்தான் நான் காரணங்களை வைப்பேன். முதலாவது எங்களால் வந்தது. மற்ற மூன்றுக்கும் கதவைத் திறந்துவிட்டது, படம் தெளிவாக விழ வேண்டும் என்ற ஆசை.

‘பின்னணி சுத்தமாக இருக்க வேண்டும்’ என்பது நாங்கள் அனைவரும் முதலில் கற்ற பாடம். குறுக்கே இலை வரக்கூடாது, பின்னால் கம்பம் தெரியக்கூடாது, பறவை தனியாக நிற்க வேண்டும். என் படத்தைக் காட்டிக்கொடுத்தது பின்னணியில் நான் கவனிக்காமல் விட்ட கம்பம். மரத்தைக் கெடுத்தது, இருக்கக்கூடாது என்று யாரோ வெட்டிய இலை. அந்த இலையும் கம்பமும் புல்லும் நடைபாதையும்தான் அந்தக் குருவி குடியிருக்கும் இடம். நாங்களும் குடியிருப்பது அதே இடத்தில்தான். பத்து வாரம் அந்தப் பறவையின் ஒவ்வோர் இறகையும் உற்றுப் பார்த்த நான் அந்த இலையை ஒருநாளும் பார்க்கவில்லை. எதற்காக அது அங்கே இருக்கிறது என்று பட்டுக்கோட்டையிலிருந்து வந்த ஒருவர் சொல்லியிருந்தும் காதில் வாங்கவில்லை.

அதன் பிறகு

விதிகள் என்று எழுதி ஒட்டவில்லை. சில பழக்கங்கள் மாறின. கூடு கட்டும் காலத்தில் கூட்டைப் படமெடுப்பதில்லை. நார் சேகரிக்கும் புல்வெளியிலேயே வேண்டிய அளவு படம் இருக்கிறது, அங்கே பறவைக்கு நம்மால் தொந்தரவும் குறைவு. படத்தை யாருக்கும் அனுப்பும்முன் பையன் அதை உருப்பெருக்கி மூலைமூலையாகப் பார்க்கிறான். கோப்பில் இட விவரம் பதிவாகியிருந்தால் அழித்துவிடுகிறான். கூடு காலியாகி மாதக்கணக்கான பிறகே கூட்டுப் படங்கள் வெளியே போகும். பெரியவர் 600 மில்லிமீட்டர் லென்ஸை விற்கவில்லை. ஆனால் இப்போது அவர் கையில் பெரும்பாலும் இருப்பது சுற்றுப்புறத்தையும் சேர்த்துக் காட்டும் 35 மில்லிமீட்டர் லென்ஸ்.

அந்தச் சிறிய லென்ஸால் எங்கள் படங்களே வேறாகின. 2024 பொங்கல் சமயத்தில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் இருபது படங்களை மாட்டி வைத்தோம். துணி காயும் மூங்கில் கழிகளுக்குக் கீழே நடந்துபோகும் வெண்மார்புக் கானாங்கோழி. தூரத்தில் எம்ஆர்டி ரயில் ஓட, தண்ணீரில் தலைதூக்கும் நீர்நாய். மீன்பிடிப்பவரின் வாளிக்கு இரண்டு அடி தள்ளிப் பொறுமையாக நிற்கும் நாரை. பறவை படத்தில் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். பறவைப் படப் போட்டிகளில் இவை எதுவும் தேறாது. ஆனால் மளிகைப் பையோடு கடந்துபோன அண்டைவீட்டார் நின்றார்கள். “இது நம் ஏரிதானா?” என்று ஒரு பாட்டி கேட்டார். அந்த வாளிக்காரர் தம் மனைவியை அழைத்துவந்து படத்தைக் காட்டினார். நாரையை ஆண்டுக்கணக்காகத் தெரியும், இருவரும் சேர்ந்து இருக்கும் படம் இல்லாமல் இருந்தது என்றார். அதை அவருக்கே கொடுத்துவிட்டோம்.

2024 செப்டம்பரில் சீனத் தோட்டமும் ஜப்பானியத் தோட்டமும் புதுப்பிக்கப்பட்டுத் திறந்தபின் கேமராக்கள் கிழக்குக் கரைக்கும் பிரிந்து சென்றன. அந்த அகேசியாவில் குருவிகள் மறுபடியும் கட்டவில்லை. வெட்டுப்பட்ட இடத்தில் புதுக்கிளை வந்துவிட்டது. குருவிகள் வேறொரு மரத்தைத் தேர்ந்தெடுத்தன. எங்கள் ஐவருக்கும் அந்த மரம் தெரியும்.

தம்பி வேலை ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். 2025 ஆடி மாதத்தில் ஒருநாள் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. கிணற்றோரப் பனையில் கொத்தாகக் கூடுகள், பின்னால் மேகம் திரண்ட வானம், ஓரத்தில் அவருடைய மகள் அண்ணாந்து பார்க்கிறாள். “அக்கா, இங்கே இருபத்திரண்டு. அங்கே எத்தனை?” என்று கேட்டிருந்தார்.

மாலையில் போனேன். நடைபாதையைவிட்டு இறங்காமல் இருநோக்கியால் எண்ணினேன். ஏழு, அதில் இரண்டு இன்னும் மணி நிலையில் இருக்கின்றன என்று எழுதி அனுப்பினேன். நான் படம் எடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.